மாடத்துக்குப் பின்னால் ஓட்டை வந்த காரணம்

கவனோயே
ஜூன் 12

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை ஹிசாயா வணங்கி எழுதுவது. இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் தலைச்சுற்றலும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். வீட்டுக்குள் ஈரப்பதம் எண்பத்தொரு சதவீதம். நான் நலம். சாப்பிடுகிறேன்.

நேத்து ஃபோன்ல நீங்க, "என் பொண்ணக் காகிதப் பொட்டியில வெச்சதும் பத்தாதுன்னு பின்னால ஓட்டை வேற போட்டிருக்கியாமே, ஓபோன் திதிக்கு முன்னாடி வந்து சிஹாருவோட நினைவுப் பேர்ப்பலகைய எடுத்துட்டுப் போறேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. அதான் எழுதறேன்.

மொதல்ல, அவள வெச்சுக் கும்பிடற அந்த மாடம் காகிதப் பொட்டி இல்ல மாமா. காகிதத்துல செஞ்ச பலகை. எங்க ஃபேக்டரி லேப்ல உக்காந்து உங்க பொண்ணு நாலு வருஷம் உழைச்சுக் கண்டுபிடிச்ச பலகை. கழிச்சுப் போட்ட காகிதத்த முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயில செஞ்ச பிசின்ல ஊற வெச்சு, சூடா அழுத்தினா கல்லு மாதிரி ஆயிடும். மரம் ஒண்ணுகூட வெட்ட வேண்டாம், பெட்ரோல் பிசின் வேண்டாம், மூடின ரூம்ல வெச்சாலும் கண்ணு எரியாது, அதுக்கு ஜப்பான் தரச்சான்றுல நாலு நட்சத்திரம் குடுத்திருக்காங்க. நாலுக்கு மேல நட்சத்திரமே கெடையாது. உங்க வீட்டுக் கருங்காலி மாடத்தப் பாத்து அவ, "அப்பா, இதுல பாதி காடு உக்காந்திருக்கு"ன்னு சொன்னதுக்கு நீங்க ரெண்டு நாள் பேசலியே, அந்த ஞாயித்துக்கிழமதான் இந்த வேலையையே ஆரம்பிச்சா.

மாடத்துக்குப் போட்ட பலகைக்கு வெளிக் காகிதம் எதுவும் சேக்கல. அவளோட நோட்டு, காலண்டர், தையல் அளவுத்தாள், புத்தாண்டுக்கு வந்த கார்டு, நீங்க திட்டி எழுதின லெட்டர் மூணு, எல்லாமாச் சேந்து இருநூத்திப் பன்னெண்டு தாள். சனிக்கிழம பலகை அழுத்தற பிரஸ் சும்மா இருந்துது, மேனேஜர்கிட்ட கேட்டேன். "போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு அவரே வந்து சூடு பாத்துக் குடுத்தாரு.

இப்ப ஓட்டை. எங்க வேலையில பலகை வெளிய வந்ததும் சோதனைக்கு ஒரு சதுரம் வெட்டி எடுக்கணும். பத்து வருஷப் பழக்கம், கை தானா வெட்டிடுச்சு. வெட்டினதுக்கு அப்பறந்தான் இது மாடத்தோட முதுகுன்னு ஞாபகம் வந்துது. அவ போன நாப்பத்தொம்பதாம் நாள் சடங்குல பிக்கு மணியடிச்சு முடிக்கவும் உங்க அக்கா கினுவே எட்டிப் பாத்து, "ஏம்ப்பா, வெளிச்சம் வருது?"ன்னாங்க. சோதனைக்கு மாதிரித் துண்டு எடுத்தேன்னு சொன்னேன். யாருக்கும் புரியல. உடனே அவங்களே எல்லாருக்கும் விளக்கம் குடுத்துட்டாங்க: சிஹாருவுக்குப் புழுக்கம் ஆகாது, அதுக்குத்தான் மாப்ள ஜன்னல் வெச்சிருக்கார்னு. பிக்குவும் நல்ல வழக்கம்னு தலையாட்டினாரு. போன வாரம் அதே கோயிலச் சேந்த ரெண்டு வீட்டுல தச்சனக் கூப்பிட்டு மாடத்துல ஓட்டை போடச் சொல்லியிருக்காங்க. தச்சன் எனக்கு ஃபோன் பண்ணி அளவு கேட்டான். அஞ்சு சென்டிமீட்டர், மூலைய நல்லாத் தேயின்னு சொன்னேன்.

தீப்பிடிக்கும், ஊறிப்போகும்னு நீங்க பயப்பட வேண்டாம். வெட்டின துண்ட முறைப்படி சோதிச்சாச்சு. ரெண்டு மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டா ஆயிரத்துக்கு நாலு பங்குதான் உப்புது. ஊதுபத்திக் கங்கப் பத்து நிமிஷம் வெச்சா துடைச்சாப் போற கறை. அன்னிக்கு உங்க அக்காவோட கைபட்டு மெழுகுவத்தி சாஞ்சுது, அவங்க சட்டைக் கைதான் பொசுங்குச்சு, பலகைக்கு ஒண்ணும் ஆகல.

ஒரு கொறை இருக்கு, மறைக்க மாட்டேன். ஒருதடவ அழுத்தினா அழுத்தினதுதான். அதத் திரும்பக் காகிதமாக்க முடியாது. அவளே ரிப்போர்ட்ல மொத பக்கத்துல எழுதியிருக்கா: அதனால நூறு வருஷம் ஒழைக்கிற மாதிரி செய்யணும்னு.

அவ எங்கிட்டயே இருக்கட்டும் மாமா. அவ செஞ்ச பலகைக்குள்ள இருக்கா. கருங்காலிக்குள்ள அனுப்ப எனக்கு மனசில்ல.

அத்தைக்கு என் வணக்கம். மழையில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
ஹிசாயா

பி.கு.: வெட்டின துண்டச் சோதிச்சாச்சுன்னு மேல எழுதினது பொய். கொதிக்கிற தண்ணி வரைக்கும் கொண்டு போனேன், போட முடியல. சட்டைப் பையிலயே வெச்சிருக்கேன். ஓட்டையில சரியாப் பொருந்தும், நீங்க வந்தா உங்க கையால மூடிடுங்க. மேல இருக்கற கணக்கெல்லாம் போன வருஷம் அவ சோதிச்சு அவளே கையெழுத்துப் போட்டது. அவ எழுதின கணக்க நான் ஒருநாளும் திரும்பச் சரிபாத்ததில்ல.