சின்ன கிராணி ஊரையே சாப்பிடக் கூப்பிட்ட கதை

நேத்து எனக்கு குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆப்பீஸ் கம்ப்யூட்டரத் தொடக்கூடாது.

நான் ரெம்பாவ் பக்கத்துல ஒரு செம்பனை எஸ்டேட்டுல கிராணி, அதாவது ஆப்பீஸ் கணக்கப்பிள்ளை. காலையில லோரிக்காரனுக்கு மெசேஜ், மில்லுக்கு மெசேஜ், ஆளுங்கள வேலை வாங்கற மண்டோருக்கு மெசேஜ், கடைசியா சிரம்பான் ஹெட் ஆப்பீஸ்ல இருக்கிற பெரிய மேனேஜருக்கு ரிப்போர்ட். இதுதான் என் பொழப்பு. இதுக்கெல்லாம் மனுஷன் எதுக்குன்னு மேலிடத்துல யோசிச்சிருக்காங்க. யோசிச்சு, ஒரு சாஃப்ட்வேர் ரோபோ வாங்கிட்டாங்க.

ரோபோ வருதுன்னதும் லயத்து வீட்டு ஆளுங்க பாதி பேரு ரோட்டோரமா வந்து நின்னாங்க, கையும் காலும் வச்ச ஒண்ணு இறங்கும்னு. இறங்கினது பிரியா. ஹெட் ஆப்பீஸ் கம்ப்யூட்டர் பொண்ணு.

"ரோபோ எங்கம்மா?"ன்னு மண்டோர் வேலு கேட்டாரு.

"இந்த லேப்டாப்புக்குள்ள இருக்கு அங்கிள்."

வேலு என்னை ஒரு தடவை பாத்தாரு, லேப்டாப்ப ஒரு தடவை பாத்தாரு. "அப்ப இது சின்ன கிராணி"ன்னாரு. பேரு நிலைச்சுப் போச்சு.

பிரியா என்னை உக்கார வச்சு சொன்னா. "அண்ணே, நீங்க தினமும் செய்யறத அப்படியே செய்ங்க. அது பாத்துக்கிட்டே இருக்கும். நாளைக்கு உங்க நம்பர்லேருந்தே அதே மாதிரி செய்யும்."

நமக்கு ஒருத்தர் பாக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே கொஞ்சம் நெஞ்சு நிமிருமில்ல? நிமிந்துச்சு. லோரிக்கார சிவாவுக்கு முதல் மெசேஜ் தட்டினேன். "சுடா மாக்கான்?"

அதாவது, சாப்டாச்சா. எங்க எஸ்டேட்டுல எல்லாருக்கும் புரியட்டும்னு மெசேஜ் எல்லாம் மலாய்லதான்.

பிரியா நிறுத்தினா. "இது வேலைக்குத் தேவையாண்ணே?"

"என்னாம்மா இப்படி கேக்கற? சாப்டானான்னு கேக்காம ஒருத்தன்கிட்ட வேலை சொல்லலாமா? அப்படி சொன்னா இங்க ஒருத்தனும் நகர மாட்டான்லா."

"சரி. சாப்டேன்னு பதில் வந்தா?"

"வேலைய சொல்லுவேன்."

"சாப்டலன்னா?"

"வீட்டுக்கு வா, சாப்பிடலாம்னு கூப்புடுவேன்."

"வந்துட்டா?"

நான் சிரிச்சேன். "யாரும்மா வருவா? கூப்புடறது ஒரு மரியாதை. வரலன்னு சொல்றது இன்னொரு மரியாதை."

அவ அதையும் தட்டிக்கிட்டா. "பெரிய மேனேஜருக்கும் இதே மாதிரி போடவா, இல்ல நேரா ரிப்போர்ட்டா?"

"போடு. மரியாதை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

இந்த வசனத்த நான் அப்ப எவ்வளவு பெருமையா சொன்னேன்னு இப்ப நெனச்சாலும் உடம்பு கூசுது.

நேத்துதான் சின்ன கிராணிக்கு முதல் நாள். பெரிய மேனேஜர் துவான் ஹாலிம் ஆர்டர் போட்டுட்டாரு, ரோபோ தனியா செய்யணும், நான் கிட்ட போகக்கூடாதுன்னு. சரின்னு ஆப்பீஸ பூட்டிட்டு, மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டு ரெம்பாவ் போனேன். முடி வெட்டினேன். தோசை சாப்டேன். தே தாரேக் குடிச்சேன். நம்ம வேலைய இன்னொருத்தன் செய்யறப்ப குடிக்கிற டீ இருக்கே, அது தனி ருசி.

திரும்பி எஸ்டேட்டுக்குள்ள நுழையறப்பதான் அந்த ருசி இறங்குச்சு. ரோட்டு ரெண்டு பக்கமும் பழக் குலை குமிஞ்சு கெடக்கு. முந்தின நாள் மழையில லோரி உள்ள வர முடியல, அந்தப் பழமும் சேந்து கெடக்கு. வெட்டின பழம் உடனே மில்லுக்குப் போகணும். அன்னைக்கும் போகலன்னா எண்ணெய் கெட்டு, மில்லுல வேண்டாம்னு திருப்பிடுவாங்க. பழம் கெட்டா ரோபோவ யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்க. என்னைத்தான் தூக்குவாங்க.

குலைக்குப் பக்கத்துல மண்டோர் வேலு நின்னாரு. குளிச்சு, சட்டை மாத்தி, திருநீறு பூசி.

"என்னா மண்டோரே, லோரி எங்க?"

"தெரியலயே கிராணி. காலையிலேருந்து காணோம். நான் உங்க வீட்டுக்குத்தான் கெளம்பிட்டேன்."

"என் வீட்டுக்கா? எதுக்கு?"

"சாப்பிடத்தான். விடாம கூப்டுறீங்களே."

போன எடுத்து சிவாவுக்கு அடிச்சேன். எடுக்கல. அடுத்த நிமிஷம் என் பொண்டாட்டி ஜெயாகிட்டேருந்து போன்.

"என்னாங்க, யாரைக் கேட்டு மில் ஆளுங்கள சாப்பிட வரச் சொன்னீங்க? ஒரு அக்கா கைல பலகாரத்தோட வந்து நிக்குது. நான் இன்னைக்கு விரதம். ரசமும் கத்திரிக்காயும்தான் இருக்கு."

"ஜெயா, நான் சொல்லல. அது வந்து..."

"நீங்க சொல்லல, உங்க நம்பர் சொல்லுச்சு. மொதல்ல அரிசி வாங்கிட்டு வாங்க."

அரிசி மூட்டைய மோட்டர்ல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா, வாசல்ல செருப்பா கெடக்கு. மண்டோர் வேலு வந்தாச்சு, கூடவே பழம் அறுக்கிற ஆளுங்களும் வந்தாச்சு. ஜெயா சொன்ன அந்த அக்கா, மில்லுல பழத்த எடை போடற காக் ரோஸ், சோபாவுல உக்காந்திருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஆளுக்கொரு சட்டியத் தூக்கிட்டு எங்க குசினிக்குள்ள நுழையறாங்க. ஜெயா ரசத்துல தண்ணி ஊத்திக்கிட்டே என்னைப் பாத்தா. அந்தப் பார்வைய நான் எழுத மாட்டேன். அவ இத படிப்பா.

காக் ரோஸ்கிட்ட மெதுவா கேட்டேன், ஏன் வந்தீங்கன்னு கேக்காம கேக்கிற மாதிரி.

அவங்க வெள்ளந்தியா சொன்னாங்க. காலையில சாப்டாச்சான்னு கேட்டீங்க, இன்னும் இல்லன்னேன். வீட்டுக்கு வாங்கன்னீங்க. 'தாப்பாலா'ன்னேன். மறுபடி கேட்டீங்க. மறுபடி 'தாப்பாலா'. மறுபடியும் கேட்டீங்க. அதுக்கப்பறமும் வரலன்னா நல்லாவா இருக்கும்?

அங்கதான் எனக்கு வெளங்குச்சு. எங்க ஊருல யாரைக் கூப்டாலும் 'தாப்பாலா', பரவால்லன்னுதான் சொல்வாங்க. அது சாப்டேன்னும் இல்ல, சாப்டலன்னும் இல்ல. மனுஷன்னா அதோட விட்டுட்டு வேலைய பேசுவான். சின்ன கிராணிக்கு நான் சொல்லிக் குடுத்தது ரெண்டே பதில். அந்த ரெண்டுல ஒண்ணு வர்ற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. ஒரு தடவை கூப்டா மரியாதை. விடாம கூப்டா அது நெசமாவே விருந்து.

அந்த நேரம் பாத்து ஒரு வெள்ளைக் காரு வந்து நின்னுச்சு. துவான் ஹாலிம். பின்னாடி பிரியா, தலையக் குனிஞ்சுக்கிட்டு.

"கிராணி, இத்தனை அன்பா யாரும் என்னைக் கூப்டதில்ல"ன்னாரு துவான். மலாய்ல சொன்னாரு, கண்ணு கூட லேசா கலங்கின மாதிரி இருந்துச்சு.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஜெயா முந்திக்கிட்டா. "வாங்க துவான். நீங்க வருவீங்கன்னு காலையிலேருந்து சொல்லிக்கிட்டே இருக்காரு." பச்சைப் பொய். ஆனா நான் அவள கல்யாணம் கட்டினதுக்காக சந்தோஷப்பட்ட நேரங்கள்ல அதுவும் ஒண்ணு.

பிரியா என் காதுல சொன்னா. "அண்ணே, ஒருத்தர் கூட சாப்டேன்னு பதில் போடல. அதனால லோரிக்கு இன்னும் சொல்லவே இல்ல."

துவான் ரசத்த ஒரு வாய் குடிச்சாரு. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாரு. அப்பறம் கேக்கக்கூடாத கேள்வியக் கேட்டாரு.

"வர்ற வழியில பழமெல்லாம் ரோட்டுலயே கெடக்குதே. லோரி எங்க?"

இருவது வருஷம்போல வாங்கின நல்ல பேரு அந்த ரசத்துல கரையறத நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

"லோரியா துவான்? பின்னால நிக்குதே"ன்னு ஒரு குரல்.

திரும்பிப் பாத்தா, குசினி ஓரத்துல சிவா. எலைக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, கத்திரிக்காய முடிச்சுட்டு அப்பளத்துக்குக் கை நீட்டறான்.

"நீ எப்படா வந்த?"

"நீங்கதானண்ணே கூப்டீங்க. என்கிட்ட வேற வண்டி ஏது? லோரியிலயே வந்துட்டேன்."

ஓடிப்போய் பாத்தேன். எங்க வாழை மரத்த ஒட்டி, வெத்து லோரி, மகராசனாட்டம் நிக்குது.

சிவா மோர் வரைக்கும் நிதானமா சாப்டான். நடுவுல எழுப்ப எனக்கு தைரியம் இல்ல. ஆளுங்க எல்லாம் இங்கயே இருந்ததால கைய கழுவின கையோட போய் பழத்த ஏத்திட்டாங்க. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, மில்லுல எடை போடற காக் ரோஸ் எங்க சோபாவுல தூங்கி வழியறாங்க. அவங்களையும் லோரியில முன் சீட்டுல ஏத்தி விட்டோம். பழம் கெடறதுக்குள்ள போய்ச் சேந்து, மில்லுல மறு பேச்சு இல்லாம எடுத்துக்கிட்டாங்க.

எடை சீட்டு கைக்கு வந்தப்பறம்தான் சிவா மரியாதையா ஒரு மெசேஜ் போட்டிருக்கான். "சுடா மாக்கான்." சாப்டாச்சு.

சின்ன கிராணி அந்த வார்த்தைக்குத்தான் விடியக் காலையிலேருந்து காத்திருந்துச்சு. உடனே லோரி அனுப்பச் சொல்லி அவனுக்கு ஆர்டர் போட்டுச்சு. துவானும் ரசத்துக்கப்பறம் சாப்டாச்சுன்னு பதில் போட்டிருந்தாரு, அதனால ஆர்டர் நேரம், மில் எடை நேரம் ரெண்டும் போட்டு அவருக்கும் ஒரு ரிப்போர்ட் போச்சு.

துவான் காருல ஏறறப்ப போனப் பாத்தாரு. கண்ணாடிய கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி பாத்தாரு.

"இப்பதான் லோரிக்கு ஆர்டர் போயிருக்கு. பழம் அதுக்கு முன்னாடியே மில்லுல. கிராணி, மனுஷனால இது முடியுமா?"

"முடியாது துவான்."

"நம்ம எல்லா எஸ்டேட்டுலயும் இதே ரோபோவப் போட்டுடுவோம்."

பிரியா என்னைப் பாத்தா. நான் தென்னை மரத்தப் பாத்தேன்.

காரு கெளம்பின பின்னாடி ஜெயாகிட்ட போய் விஷயத்த சொன்னேன். அவ அடிப்பிடிச்ச சோத்துப் பானையத் தேய்ச்சுக்கிட்டிருந்தா. நிறுத்தாமலேயே கேட்டா.

"அப்ப எல்லா எஸ்டேட்டுக்கும் நானா போய் சமைக்கணும்?"