அது ‘கா’ இல்லை, ‘நா’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாகறல் ஏரிக்கரையிலிருந்து லோகேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. நான், என் மனைவி அம்சா, மாடுகள் பதினொன்று, எல்லோரும் நலம். தங்கள் அச்சகத்தில்தான் எல்லோரும் நலமா என்று சந்தேகமாக இருக்கிறது.

சென்ற வாரம் தங்கள் நிருபர் என் மாடுகளைப் பற்றிக் கேட்டுப்போனார். இவை கறிக்கு வளர்க்கும் நாட்டு மாடுகள், குட்டை ஜாதி, ஏரி வற்றினாலும் இவற்றின் வயிறு வற்றாது, கோரையையும் வேலிக்காத்தான் காயையும் தின்றே கொழுக்கும் என்றேன். நல்ல புல் முளைக்கும் மேய்ச்சல் புறம்போக்கை எங்கள் ஊர்ப் பூவராகவன் கம்பிவேலி போட்டு வளைத்துக்கொண்டதால்தான் இந்தப் பத்தியம் என்றும் சொன்னேன். வேலியைச் செய்தியில் விட்டுவிட்டீர்கள். தலைப்பில் “மாகறலில் காட்டு மாடுகள்” என்று போட்டுவிட்டீர்கள்.

செய்தி வந்த அன்று காலையே வனத்துறை ஜீப்பில் இருவர் வந்து, “எப்ப காட்டுல இருந்து எறங்குச்சு?” என்று கேட்டார்கள். “எங்கம்மா வூட்டு சீர்ல எறங்குச்சு சார்,” என்றாள் அம்சா. அவர்கள் கிளம்புவதற்குள் ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து, ஒருவன் கிடாரியோடு செல்ஃபி எடுக்கப் போய், அது அவன் சட்டைக் கையைத் தின்றுவிட்டது. எதையும் தின்னும் என்றுதானே சொன்னேன். சாயங்காலம், இரண்டு காளைகளைப் பேசி வைத்திருந்த கறிக்கடை ஜான் பாஷா வந்து, தூரத்திலேயே நின்றுகொண்டு, “காட்டு மாட்ட வெட்டுனா ஜாமீனே இல்லியாம்பா. என்னை உள்ள அனுப்பப் பாக்குறியா?” என்கிறார். “பாய், போன பக்ரீதுக்கு நீ வாங்குனியே, அதோட தம்பிபா இது,” என்றேன். “அப்ப அதுவும் காட்டு மாடா?” என்று தலையில் கை வைத்துவிட்டார்.

அம்சா தறியில் உட்காருகிறவள். “பாவுல ஒரு இழை அறுந்தா என் கூலியில புடிக்கிறாங்க. எழுத்த மாத்துனவங்களுக்கு இன்னா புடிச்சாங்கன்னு கேளு,” என்கிறாள். கேட்டுவிட்டேன்.

கறிக்கு மாடு வளர்ப்பதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒளித்து வளர்க்கவும் இல்லை. சீமை மாட்டுக்கு மின்விசிறி வைக்கிறார்கள், என் மாட்டுக்கு வெயிலே போதும். ஆகவே அது ‘கா’ இல்லை, ‘நா’ என்று அதே பெரிய எழுத்தில் மறுப்பு வரவேண்டும். வராவிட்டால் பதினொன்றையும் ஓட்டிவந்து தங்கள் அலுவலக வாசலில் கட்டுவேன். அங்கே காகிதம் நிறைய இருக்கும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும், முக்கியமாக அச்சுப்பிழை பார்ப்பவரின் கண்ணுக்கும், மாகறலீஸ்வரர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
லோகேஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் அம்சா ஓடிவந்தாள். காட்டு மாடு மேயும் இடத்தை வனத்துறை எடுத்துக்கொள்ளும், வேலி போட்டவனைத்தான் முதலில் விசாரிக்கும் என்று யாரோ சொல்ல, பூவராகவன் தன் கையாலேயே கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாராம். போய்ப் பார்த்தேன். பதினொன்றும் உள்ளே நிற்கின்றன. ஒன்றும் புல்லை விட்டுத் தலை நிமிரவில்லை. மறுப்பு வேண்டாம். பாயிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயையும் ஒருவர் வளைத்திருக்கிறார், நிருபரை அனுப்பிவையுங்கள். அச்சுப்பிழை பார்ப்பவரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.