ஏலக்காய்க்குக் கலர் போட்டவள்

ஏலக்காய்க்குக் கலர் போட்டவள் நான். ஏலக்காயை நம்பிப் பிழைக்கிற எங்கள் வண்டன்மேட்டுப் பக்கம் இதைவிடக் கேவலமான வாக்குமூலம் கிடையாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஓடிப்போனால்கூட நாலு மாதத்தில் மறந்துவிடுவார்கள். காயில் சாயம் ஏற்றியவர் குடும்பத்தைப் பற்றிப் பேரன் காலத்திலும் டீக்கடையில் பேச்சு ஓடும். நான் போட்டது வாளியில் கரைத்த சாயம் அல்ல. வெப்சைட்டுக்கு நிறமும் வடிவமும் கொடுக்கிற சி.எஸ்.எஸ். என்ற மொழியில் எழுதிய ஒரே ஒரு வரி. அதனால் என்ன, கலர் கலர்தானே.

அப்பா சவரிமுத்துவுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டமும் ஒரு சின்ன ஸ்டோரும் உண்டு. (ஸ்டோர் என்றதும் மளிகைக் கடையை நினைக்க வேண்டாம். காயை உலர்த்துகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.) சூடு கொஞ்சம் கூடினாலும் காய் வெளுத்துவிடும் என்று உலர்த்துகிற நாட்களில் சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்வார். அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றிய பச்சை அது. யாராவது சாயம் போடுகிறார் என்று காதில் விழுந்தால், அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார், மொய் வைப்பார், ஆனால் பந்தியில் உட்காரமாட்டார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.சி.ஏ. முடித்து, ஆறு மாதம் ஆன்லைனில் வெப் டிசைன் படித்திருந்தேன். உலகத்தில் பாதி வெப்சைட்டுகள் அசிங்கமாக இருப்பதற்குக் காரணம் அவற்றை நான் செய்யாததுதான் என்று நம்பினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளியைச் சேர்ந்த (பள்ளி என்றால் இங்கே மாதா கோயில்) பதினோரு குடும்பங்கள் சேர்ந்து காயை நேரடியாக விற்கலாம் என்று ஒரு குழு ஆரம்பித்தன. தலைவர் தேவசகாயம் மாமா. வெப்சைட்டை எர்ணாகுளத்தில் யாரிடமாவது கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது அப்பா எழுந்து நின்றார்.

"எம் புள்ள ஜெனி செய்வா. நான் பொறுப்பு."

அப்பா கூட்டத்தில் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்று வாரம் உழைத்தேன். பொத்தானுக்கு அடியில் விழும் நிழல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு நாள் யோசித்தேன். மவுஸை வைத்தால் ஏலக்காய் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். பெட்டிகளின் மூலைகளை எல்லாம் வழவழவென்று வளைத்தேன். தேவசகாயம் மாமா பார்த்துவிட்டு, "அம்சமா இருக்கும்மா. போன் நம்பரு எங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அதைப் போடவே இல்லை என்பது தெரிந்தது.

முதல் பக்கத்துக்கு அம்மாவின் உள்ளங்கையில் காயை வைத்துப் படம் எடுத்திருந்தேன். மழைக்காலம், வெளியில் ஒரே மூடுபனி. படத்தில் காய் சோகை பிடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. வெயில் வரும்வரை காத்திருந்து வேறு படம் எடுத்திருக்கலாம். அதெல்லாம் சாதாரண மனிதர்கள் செய்கிற வேலை. நான் ஃபில்டர் என்று ஒரு வரி எழுதினேன். படங்களின் நிறத்தைப் பச்சைப் பக்கம் திருப்பி, அடர்த்தியையும் இரண்டு மடங்காக்குகிற வரி. காய் மரகதம் மாதிரி மின்னியது! அம்மாவின் கையும் பச்சை அடித்தது. தோட்டத்து வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். (இதற்கு அம்மா பிறகு தனியாக ஒருநாள் முழுக்கத் திட்டினாள்.)

வெப்சைட்டை ஏற்றிய பத்தாம் நாள், அதில் போட்டிருந்த அப்பாவின் நம்பருக்குப் போன் வந்தது. பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரத்திலிருந்து பொன்னுச்சாமி என்பவர். தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இனிப்புக் கடைகள் வைத்திருக்கிறவர்.

"உங்க காயிப் படத்தப் பாத்தனுங்க. எதுக்கும் ஒருக்கா நேர்ல வந்து பாத்துப்போடறனுங்க."

அந்த 'எதுக்கும்' எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. என் டிசைனில் மயங்கி ஒரு மனிதர் அவ்வளவு தூரம் வருகிறார் என்றே நினைத்தேன். குழுவும் அப்படியே நினைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பள்ளி ஹாலில் வெப்சைட் உத்காடனம் (திறப்பு விழாவுக்கு எங்கள் ஊர்ப் பெயர்), பொன்னுச்சாமிதான் சிறப்பு விருந்தினர் என்று முடிவானது. உறுப்பினர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று தேவசகாயம் மாமா பதினோரு பேரின் போட்டோவையும் அனுப்பினார். ஞாயிறு காலை கரண்ட் வந்ததும் அவற்றைப் போட்டு ஏற்றிவிட்டுப் பூசைக்கு ஓடினேன். திறந்து பார்க்கவில்லை.

ஹாலில் பெரிய திரை. பொன்னுச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். திரை அளவுக்கு அம்மாவின் கை. கைதட்டல். அப்பா மேடைக்குப் போய்த் துணிப்பையிலிருந்து காயை எடுத்துப் பொன்னுச்சாமியின் கையில் கொடுத்தார்.

அவர் தன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். மேசையில் இருந்த தண்ணீரில் நனைத்து, காயை அழுத்தித் தேய்த்தார். சாயம் இருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். துணி வெள்ளையாகவே இருந்தது.

"சேம்பிளு சுத்தமாத்தானுங்க இருக்குது," என்றார். பிறகு திரையைக் காட்டினார். "ஏனுங்க, அந்தக் கை எப்புடிங்க அத்தன பச்சையா இருக்குது? சாயம் ஒட்டாம கை அப்புடி ஆவுங்களா? காட்டறதுக்கு ஒரு காயி, அனுப்பறதுக்கு ஒரு காயிங்களா?"

"எங்க ஸ்டோருக்குள்ள கலர் வந்ததே கெடையாது ஐயா," என்றார் அப்பா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். ஏதாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. நான் ஒருத்தி எழுதிய ஒரு வரிக்காக, வாழ்நாள் முழுக்க ஒரு பொட்டுச் சாயத்தைத் தொடாத மனிதர் ஊருக்கு முன்னால் திருடன் மாதிரி நின்றார்.

அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுத்தால் போதும் என்று பதறி அடுத்த பக்கத்தைத் தட்டினேன். உறுப்பினர்கள் பக்கம்.

பதினோரு பச்சை முகங்கள்!

அப்பா பச்சை. தேவசகாயம் மாமா கரும்பச்சை. பற்களும் மீசைகளும் மட்டும் அவரவர் நிறத்தில் இருந்தன. காய்க்கென்று எழுதிய வரியை, வெப்சைட்டில் இருக்கிற எல்லாப் படங்களுக்கும் சேர்த்து எழுதித் தொலைத்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, "ஏ மாதாவே! இவுக என்னத்தத் தின்னாக?" என்று அலறினாள். பிறகு ஹாலே வெடித்தது. தேவசகாயம் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

செத்துவிடலாம் என்றிருந்தது. அடுத்த நொடியே மூளையில் ஏதோ பொறி தட்டியது. ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"ஐயா, கலர் போட்டது நான்தான். காய்க்கு இல்ல, படத்துக்கு. காய்க்குப் போட்டிருந்தா எங்க மாமா மூஞ்சி எப்படிய்யா பச்சையாகும்?"

பொன்னுச்சாமி திரையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மாமா தன் வாழ்நாளில் யாரும் அவ்வளவு கவனமாகத் தன்னைப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

வெப்சைட்டுக்குப் பின்னால் இருக்கிற வரிகளைத் திரையிலேயே திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக் இருக்கும். ஃபில்டர் வரியின் டிக்கை எடுத்தேன். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் மனிதர்கள் ஆனார்கள். முதல் பக்கத்துக்குப் போய் அங்கேயும் எடுத்தேன். மரகதம் அணைந்தது. அம்மாவின் கை, வெடிப்புகளோடு, அம்மாவின் கையாகவே திரும்பி வந்தது.

பொன்னுச்சாமி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், தன் கையில் இருந்த காயைப் படத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"பனியில எடுத்த படமுங்களா? காயி அதேதானுங்க. அம்மிணி, இத்தன நல்ல காயிக்குப் போயி எதுக்கு அதப் போட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கேட்டார்.

"ஏட்டி, எங் காயி உனக்குப் பத்தலயா?"

அத்தனை பேர் முன்னால் நான் அழுதேன். வெட்கத்தில் பாதி. மீதி, இப்படிப்பட்ட அப்பா எனக்குக் கிடைத்திருக்கிறாரே என்ற கர்வத்தில். எனக்கு வெளுப்பாகத் தெரிந்த அந்தக் காயை அவர் அவ்வளவு நம்பியிருக்கிறார். பொன்னுச்சாமி மேடையிலேயே, "இந்த வருசத்துக் காயி முச்சூடும் எனக்கே குடுத்துருங்க," என்றார். இன்றுவரை எங்கள் காய் கோவிந்தாபுரம் போகிறது. கலர் எடுத்த அந்தப் படத்தை மாற்றக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அப்பா இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனைத் திறந்து காட்டுகிறார். "எம் மக செஞ்சது. கலர் போடாதது."

இப்போது நான் கொச்சியில் ஒரு கம்பெனியில் இதே வேலைதான் செய்கிறேன். எந்த வெப்சைட்டைக் காட்டினாலும் அப்பா கேட்பது ஒன்றுதான்: "ஏட்டி, மூஞ்சியெல்லாம் சரியா இருக்கா?"

என் கல்யாணத்தன்று மேக்கப் போடுகிற பெண் இரண்டு மணி நேரம் பாடுபட்டு என்னை மூன்று ஷேடு வெளுப்பாக்கி உட்காரவைத்திருந்தாள். அப்பா உள்ளே வந்தார். கையில் நனைத்த வெள்ளைக் கைக்குட்டை. என் கன்னத்தில் ஒரு தடவை இழுத்தார். பிறகு துணியை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

"கலர் ஒட்டுதுட்டி. போய்க் கழுவிட்டு வா."

கழுவிவிட்டுத்தான் வந்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் என் சொந்த நிறத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.