மாமியாரின் ஈயச் சொம்பும் என் வேதியியலும்

பன்னிரண்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். உலோகம் அமிலத்தில் எவ்வளவு வேகமாகக் கரையும் என்ற பாடம் வந்தால் மட்டும் என் குரல் கம்மிவிடும். காரணம் என் தலை தீபாவளி.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் கே.கே. நகர், கறிக்குழம்பு வீடு. வித்யா மயிலாப்பூர், வெங்காயம்கூட யோசித்து வாங்கும் வீடு. மாமனார் சமாதானமாகிவிட்டார். மாமியார் மட்டும் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "அவரைச் சாப்பிட வரச் சொல்லுடி" என்று வித்யா வழியாகத்தான் வரும். அவர் மனசில் எப்படியாவது இடம் பிடித்துவிடத் தவித்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் அம்மாவும் பெண்ணும் மாட வீதிக்குப் பூ வாங்கப் போனார்கள். சமையல் மேடையில் கறுத்துப்போன சொம்பு ஒன்று இருந்தது. வெள்ளி என்று முடிவு கட்டினேன். (எங்கள் வீட்டில் எல்லாமே எவர்சில்வர், பேர் வெட்டினது.) பாத்ரூம் கழுவும் ஆசிட் வெள்ளியை ஒன்றும் செய்யாது. படித்தவனாச்சே, பளபளக்க வைத்துக் காட்டுவோம் என்று இறங்கினேன்.

புதுப் பரப்பு வெளியே தெரியக் கம்பி நாரால் தேய்த்தேன். அடர்த்தி குறையக் கூடாதென்று தண்ணீர் கலக்காமல் ஆசிட்டை ஊற்றினேன். சூட்டில் வேகம் கூடுமே என்று கீசர் வெந்நீர் பிடித்த வாளியில் சொம்பை உட்கார வைத்தேன். பாடத்தில் உள்ள எதையும் விடவில்லை, என்ன உலோகம் என்பதைத் தவிர.

திரும்பி வந்ததும் மாமியார் கேட்டார். "ரசம் வெக்கணும், ஈயச் சொம்பைக் காணலையேடி?"

ஈயமா? ஓடிப்போய்த் தூக்கினேன். அடியில் மூன்று ஓட்டை.

அது அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கொடுத்தது. முப்பது வருடம் புளித்தண்ணீர் கொதித்தும் அசையாததை அரை மணியில் முடித்துவிட்டேன். மாமியார் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

"மன்னிச்சுடுங்கம்மா. வெள்ளின்னு நினைச்சேன்."

வழக்கம்போல வித்யா பக்கம் திரும்பினார். பிறகு என்ன தோன்றியதோ, நேராக என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, வெள்ளிச் சொம்புல எவளாவது ரசம் வெப்பாளா? இதைத்தான் பசங்களுக்குச் சொல்லித் தரியா?"

மாமனார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். வித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதுச் சொம்பு வந்துவிட்டது. என்னிடம் அந்த "டா" இன்றுவரை மாறவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்.

"இவன்தான் எங்காத்து மாப்பிள்ளை. கெமிஸ்ட்ரி வாத்தியார். பாத்திரத்தை மட்டும் கையில குடுத்துடாதேள்."