வாஷரும் ஒரு டிரம் பழைய தண்ணீரும்

சங்கரன்கோவிலில் எந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாக விழுந்தாலும், அது தரையைத் தொடுவதற்கு முன்பே வாஷருக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்கு அதற்கப்புறம்தான் தெரியும். அதுவும் வாஷர் உள்ளே வந்து நின்ற பிறகு.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் வாஷர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர்களை ஒரு நூலில் கோத்து வைத்திருப்பார். கூப்பிட்டால் வரும் பிளம்பரை நீங்கள் பார்த்திருக்கலாம். கூப்பிட்டும் வராத பிளம்பரை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கூப்பிடாமல் வரும் பிளம்பர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

தறிகள் ஓடும் தெருவில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் சைக்கிளை நிறுத்தி, தலையைச் சாய்த்து, "மூணாவது வீட்டுப் பின்னால, சிமிண்டுத் தொட்டிக்குப் பக்கத்துல" என்பார். போய்ப் பார்த்தால் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு வருடம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், எங்கோ ஒரு குழாய் சொட்டுவது காதில் விழுந்து கையை விட்டுவிட்டார். குழாய் அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மனைவி கிடைக்கச் சாயங்காலம் ஆயிற்று.

கல்யாண மண்டபக் கதை இதைவிட மோசம். கை கழுவும் இடத்தில் ஒரு குழாய் ஒழுகியது என்று, யாரிடமும் சொல்லாமல் மெயின் வால்வை அடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். அதே நேரம் முதல் பந்தி எழுந்து வந்தது. நூறு பேர் சாம்பார்க் கையை மடக்கித் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். பெண்ணின் அப்பா ஓடிவந்து கத்தினார். வாஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கை காயட்டும் அண்ணாச்சி, ஒண்ணும் ஆயிராது. இங்கன ஒழுகுது பாத்தேளா?"

இப்படிப்பட்ட மனிதரை நானாகத் தேடிப் போனேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பயந்த சுபாவம். பிள்ளைகளை அரை மணிக்கு ஒருமுறை எண்ணாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். ஏழாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவில் போகும் பிள்ளைகளைக்கூட எண்ணியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னிடம் எங்கள் தலைமையாசிரியை, "தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஒரு கண்காட்சி வைக்கணும். கல்வி அதிகாரி வருகிறார். சார்ட் ஒட்டி ஏமாத்தாதீங்க. பிள்ளைங்க தொட்டு, செஞ்சு பாக்குற மாதிரி இருக்கணும்" என்றார். அன்று சாயங்காலமே வாஷர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

வாஷர் வந்து வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"தண்ணியப் பத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது சார். தூக்கச் சொல்லணும்."

அவர் செய்த முதல் வேலை, இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியதுதான். ஒரு பிள்ளை குழாயைத் திறந்துவிட்டபடியே பல் தேய்க்க வேண்டும். இன்னொரு பிள்ளை ஒரு செம்புத் தண்ணீரில் பல் தேய்க்க வேண்டும். கீழே பிடித்து வைத்த தண்ணீரை, வீணாக்கிய பிள்ளையே குடத்தில் ஊற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். முதல் நாள் ஒரு பையன் விளையாட்டாகப் பத்து நிமிடம் பல் தேய்த்தான். மூன்று சுற்று ஆயிற்று. மறுநாள் அவன் பல்லே தேய்க்காமல் வந்தான். அது வேறு கவலை எனக்கு.

அப்புறம் ஒரு பலகையில் பழைய குழாய்களை வரிசையாக மாட்டி, பிள்ளைகளே கழற்றி ரப்பர் வாஷர் மாற்றப் பழக்கினார். ஸ்பேனர் யார் காலில் விழும் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். விழுந்தது. என் காலில்தான்.

ஆனால் அவருடைய மனசெல்லாம் மூலையில் வைத்த அந்த நீல டிரம்மின் மேல்தான் இருந்தது.

எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இந்த முறைக்கும் அடுத்த முறைக்கும் எட்டு நாள். அந்த எட்டு நாளும் மாடித் தொட்டியிலிருந்து வரும் ஒரு குழாயை டிரம்முக்கு மேலே சொட்ட விட வேண்டும் என்றார். தினமும் காலையில் பிள்ளைகள் ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, தண்ணீர் நனைத்த இடத்தில் ஒரு கலர் நூலைக் கட்ட வேண்டும்.

"ஒரு சொட்டுக்கா இவன் இப்பிடி ஓடுதான்னு ஊரே சிரிக்குது சார். முப்பது வருசமாச் சிரிக்குது. கிறுக்கன்னு எம் பொஞ்சாதியே சொல்லுதா. எட்டு நாள்ல அந்தச் சொட்டு எம்புட்டு ஆகுதுன்னு நான் காட்டுதேன். பிள்ளைக கண்ணால பாத்துட்டாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்போதுதான் அந்த மனிதர் எதற்குத் துணிந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் சொட்டுகிற குழாயைப் பார்த்தால் அடைக்காமல் இருக்க முடியாதவர், தன் கையாலேயே ஒரு குழாயைச் சொட்ட விட்டு, எட்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

குழாயை அவரே தளர்த்தினார். முதல் சொட்டு விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"சார், முடியல. ஒரே ஒரு தடவ அடச்சுட்டு, உடனே தொறந்து விட்டுருதேனே?"

"அண்ணாச்சி, அப்படிச் செஞ்சா கணக்குத் தப்பாயிரும்."

"ஒரே ஒரு நிமிசம் சார்."

நாற்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில், "கூடாது தாத்தா!" என்றார்கள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் அவர் மனைவி என்னைப் பார்க்க வந்தார். "சோத்துல கைய வச்சிட்டு அப்பிடியே இருக்காவ சார். என்னன்னு கேட்டா, இந்நேரம் அங்கன சொட்டு விழுந்துக்கிட்டு இருக்கும்லான்னு சொல்லுதாவ. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவியள விட்டுருங்க." நான் எங்கே பிடித்து வைத்திருக்கிறேன்? டிரம்தான் பிடித்து வைத்திருந்தது.

ஏழாம் நூல் ஏறியது. மறுநாள் எட்டாவது நூலையும் கட்டினார்கள். குச்சியை வெளியே எடுத்தபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். செம்பால் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஏழு குடத்துக்குச் சற்று மேல். அத்தனையும் ஒற்றைச் சொட்டு. வாஷர் அன்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வருவதாக ஏற்பாடு. நான் விடியும்போதே எழுந்து சட்டையை இரண்டு தடவை மாற்றினேன். ஒன்பது மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் குடமும் கூச்சலுமாக இருந்தது. முறைத் தண்ணீர் வந்திருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் முறைத் தண்ணீர் வந்துவிட்டால், அதற்கு முன் வீட்டில் இருக்கும் தண்ணீர் அந்த நிமிடமே 'பழைய தண்ணி' ஆகிவிடும். முந்தாநாள் வரை அதற்காகச் சண்டை போட்டிருப்போம். அளந்து குடித்திருப்போம். ஆனால் குழாயில் காற்றடிக்கும் சத்தம் கேட்டதும் பானை, குடம், அண்டா எல்லாவற்றையும் வாறுகால் சாக்கடையில் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுசாகப் பிடிப்போம். அதே குழாய், அதே தண்ணீர்தான். என் மனைவியும் செய்வாள். அறிவியல் ஆசிரியனான நானும் பக்கத்தில் நின்று குடத்தைக் கவிழ்த்துக் கொடுப்பேன்.

பள்ளியைச் சுத்தம் செய்யும் செல்லத்தாய் அக்கா கடமையில் ஒரு குறை வைக்காதவர். அறை வாசலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் மலர நின்றார்.

"சார், பெரிய ஆபீசர் வாராவன்னு சொன்னேள்லா? டிரம்முல எட்டு நாள் பழைய தண்ணி கெடந்துச்சு. பூராத்தையும் கொட்டி, நல்லாத் தேச்சுக் கழுவி, நெறயப் புதுத் தண்ணி புடிச்சு வச்சிருக்கேன்."

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். டிரம் விளிம்பு வரை பளிங்காக நிறைந்திருந்தது, பதினைந்து குடம் இருக்கும்.

பின்னாலேயே வாஷர் வந்தார். துவைத்த வெள்ளை வேட்டி, தலையில் எண்ணெய். குச்சியை எடுத்து உள்ளே விட்டார். எட்டு நூலும் தண்ணீருக்குள் முங்கிப் போயின. அதற்கு மேலும் ஒரு முழம் நனைந்தது. நனைந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். செல்லத்தாய் அக்கா முகத்தில் சிரிப்பு மெல்ல வற்றியது.

நான் வாசலைப் பார்த்துக்கொண்டே அவர் காதருகே போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். "அண்ணாச்சி, நல்லதாப் போச்சு. டிரம் நெறஞ்சுதான இருக்கு? இதான் எட்டு நாள் சொட்டுன தண்ணின்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா சார்."

"அதிகாரி வாராரு அண்ணாச்சி..."

"சொட்டு ஏழு கொடம்னா ஏழு கொடம்தான். இன்னைக்குப் பதினஞ்சுன்னு பொய் சொன்னம்னா, நாளைக்கு ஏழையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அதற்குள் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். வாஷர் அவர்களிடம் குச்சியைக் காட்டினார். "மக்கா, இது நம்ம தண்ணி இல்ல. நம்ம தண்ணியக் கொட்டியாச்சு. அக்காமேல தப்பில்ல. அவிய ஊரு வழக்கத்தத்தான் செஞ்சாவ." குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "எட்டு நாளு. வாறுகாலுக்குப் போயிருச்சு."

பிள்ளைகள் அழாத குறை. தினமும் அவர்கள் கட்டிய நூல் அல்லவா? அப்போது முத்துச்செல்வி என்ற பெண் திடீரென்று கேட்டாள்: "சார், இன்னைக்குத் தெருவுலயும் தண்ணி வந்துருக்கே. எங்க அம்மாவும் இந்நேரம் பழைய தண்ணியக் கொட்டுவாவளே?"



"ஏட்டி, வா!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பள்ளிக்குப் பின்தெருவில் வீடு இருந்த பதினேழு பேரும் சிட்டாகப் பறந்தார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வாசல் கதவுக்கு ஓடினார்கள். நான் எண்ணினேன். நாற்பத்து மூன்று. அப்புறம் அறைக்குள் பூஜ்யம். என் இத்தனை வருட ஆசிரியர் வேலையில் கனவில்கூட வந்து என்னைப் பயமுறுத்தாத எண் அது. "ஏலே, நில்லுங்கலே!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியபோது அதிகாரியின் ஜீப் உள்ளே திரும்பியது.

அதிகாரி அறைக்குள் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"வாசல்ல கொஞ்சப் பேர்தான் நிக்கிறாங்க. மத்தப் பிள்ளைங்க எங்கே?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் டிரம்மைப் பார்த்தேன். வாஷர்தான் பதில் சொன்னார். "பழைய தண்ணியக் காப்பாத்தப் போயிருக்காவ அய்யா."

அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, கை கழுவப் போனார். சோப்புப் போடும்போது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வாஷர் கையை நீட்டி அடைத்துவிட்டார். அதிகாரி நுரைக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கல்யாண மண்டபத்து நூறு பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

அப்போதுதான் வாசலில் சத்தம். பதினேழு பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் ஆளுக்கொரு குடம். மேலெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தார்கள். கொட்டாதே என்று இவர்கள் கத்தியிருக்கிறார்கள். குடம் காலியாக வேண்டுமே என்று அம்மாக்கள் கத்தியிருக்கிறார்கள். அப்படியானால் நீயே கொண்டு போ என்று தலையில் கட்டிவிட்டார்கள். முன்னால் வந்த முத்துச்செல்வி குடத்தை வாஷர் முன்னால் இறக்கினாள்.

"தாத்தா, கொட்ட விடல. இத எங்கன ஊத்த?"

நான் எண்ணினேன். பதினேழு. ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்திலா வேறு எதிலா என்று தெரியவில்லை. வாஷர் ஒவ்வொரு குடமாகக் குனிந்து பார்த்தார்.  மூலைக்குப் போய், எட்டு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாயை இறுக்கி அடைத்தார். சொட்டு நின்றது. காதில் இருந்த பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தத் தண்ணீர் பள்ளித் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் இரண்டு நாள் வந்தது. எனக்கு ஒரு மெமோவும் வந்தது. பள்ளி நேரத்தில் மாணவர்களை வெளியே விட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கேட்டது நியாயம்தான். நான்கு பக்கம் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை சாப்பாடு இறங்கவில்லை.

இது எப்படியோ வாஷருக்குத் தெரிந்துவிட்டது. தன்னால்தான் எனக்கு மெமோ என்று முடிவு செய்துகொண்டார். அதன் பிறகு எங்கள் தெருப் பக்கமே அவர் சைக்கிள் வரவில்லை. எதிரில் பார்த்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். கூப்பிடாமல் வருகிறவரை வராமல் இருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் பார்த்தேன். வீடு என்னவோ போல இருந்தது.

ஒருநாள் ஸ்பேனரை எடுத்து மாடித் தொட்டியிலிருந்து வரும் எங்கள் வாசல் குழாயை நானே தளர்த்திவிட்டேன். ஒரு சொட்டும் வீணாகாமல் கீழே குடத்தை வைத்தேன். தெருக் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. என் முகத்தைப் பார்க்காமல் நேரே குழாய்க்குப் போனார். கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதையே திரும்பவும் போட்டு முடுக்கினார்.

"வாஷர் புதுசாட்டம் இருக்கு சார்."

"அப்படியா அண்ணாச்சி?"

"ஆரோ லூஸ் பண்ணி விட்டிருக்காவ."

"இருக்கும். டீ குடிக்கீங்களா?"

கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக் குழாய் கெட்டுப்போகிறது. எப்படிக் கெடுகிறது என்று அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. கீழே குடம் மட்டும் தயாராக இருக்கும், அடுப்பில் டீயும்.