நின்றுபோகாத பெட்டிகளும் நான் வராத கல்யாணமும்

அன்புக்கும் அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். என் பொறுப்பில் இருக்கும் கருவிகளும் இந்த வரியை எழுதும் வரை நலம். அங்கே நீயும் அத்தானும் நலமா என்று கேட்கப் பல நாளாகத் தொலைபேசியில் முயல்கிறேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. மணி அடிப்பதால் இணைப்பில் பழுதில்லை, நீதான் எடுக்கவில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வேறு காரணமும் இருக்கலாம். இப்போதெல்லாம் எதையும் நான் அடித்துச் சொல்வதில்லை.

"ஆரம்பிச்சா எங்கேயோ போயிடுவான்" என்று நீ சொல்வாய் என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உன் மகள் கல்யாணத்துக்கு நான் வராமல் போனதற்குக் கருவிகளே காரணம், நான் அல்ல.
2. அந்தக் கருவிகள் மிகவும் நம்பகமானவை.
3. நேரில் வந்து மன்னிப்புக் கேட்காமல் கடிதம் எழுதுகிறேன் என்றால், கருவிகளை விட்டுவிட்டு அரை நாள்கூட நான் வெளியே வர முடியாது என்பதால்தான்.
4. ஒரு வேண்டுகோள்.

முதலாவதும் இரண்டாவதும் ஒன்றுக்கொன்று இடிப்பதுபோல் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. பொறுமையாகப் படி.

ஓய்வு பெற்ற பிறகு நான் சேர்ந்த இந்தக் குளிர்கிடங்கில் என் வேலை என்னவென்று நீ எத்தனையோ முறை கேட்டும் புரியும்படி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது முயல்கிறேன். சின்ன வயதில் நம் வீட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் உன் வழியாகத்தான் போகும். எனக்குச் செருப்பு வேண்டுமென்றால் உன்னிடம் சொல்வேன், நீ அம்மாவிடம் சொல்வாய், அம்மா அப்பாவிடம் சொல்வாள், பதிலும் உன் வழியாகவே வந்து சேரும், பெரும்பாலும் ஒரு குட்டுடன். இங்கே அந்த வேலையைச் செய்வது ஓர் இரும்புப் பெட்டி. சுவிட்ச் என்பார்கள், விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. வாசல் கேட்டு, லாரியை நிறுத்தும் எடைமேடை, பில் போடும் கணினி, அறைகளின் குளிரை அளக்கும் மானி எல்லாம் ஒன்றோடொன்று பேசுவது இதன் வழியாகத்தான். உனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் வீடே எப்படி ஊமையாகிப்போகுமோ, அப்படித்தான் இது நின்றால் கிடங்கும்.

பழைய பெட்டி ஒரு தடவை நின்றது. எங்கள் மேலாளருக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'உடனே'. அவர் பேச்சில் அந்தச் சொல் இல்லாத வாக்கியம் கிடையாது. "நிக்கவே நிக்காததா ஒண்ணு வாங்குங்க சார். உடனே" என்றார். விற்க வந்தவரோ, "ஒண்ணு எதுக்கு சார்? ரெண்டா வாங்குங்க. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு தானா எழுந்து பாத்துக்கும். நீங்க வீட்ல நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றிலிருந்து தூக்கம் வராது. ஆனாலும் இரண்டு வாங்கினோம். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பையும் வெவ்வேறு இரண்டு நிறுவனங்களிடம் வாங்கினோம். தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டினார்கள். இரண்டு இணைப்பும் ஒரே நொடியில் போயிற்று. எட்டிப் பார்த்தால் குழிக்குள் இரண்டு நிறுவனங்களின் கம்பிகளும் ஒரே குழாய்க்குள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்திருக்கின்றன. தோண்டியவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டும் உங்களுதா சார்? நல்லவேளை, வேற யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அது சரியான கையோடு பெட்டிகளின் உரிமக் காலம் முடிந்தது. பெட்டி நம்முடையதுதான், காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் வேலை செய்ய அதற்கு ஆண்டுதோறும் அனுமதி வேண்டுமாம். புதுப்பிக்காததால் அது வெளியே யாரையும் பேச விடவில்லை. புதுப்பிக்க வேண்டிய இடமோ வெளியே, இணையத்தில். உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். வெகுநேரம் புல்லாங்குழல் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், பிரச்சனைய ஒரு மெயில் போட்டுடுங்க."

"மெயில் போகலைங்கறதுதாம்மா பிரச்சனை."

"புரியுது சார். அதையே மெயில்ல எழுதிடுங்க, அப்பதான் நாங்க எடுத்துக்க முடியும்."

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான்தான் சரியாக விளக்கவில்லையோ என்று யோசித்தேன். என் கைபேசியில் இணையம் கிடையாது என்பதால், கடைசியில் எதிர்த்த டீக்கடைக்காரரின் கைபேசியில் இணையம் வாங்கிப் புதுப்பித்தேன். அவரிடம் அந்தக் கைபேசி ஒன்றுதான், துணைக்கு இரண்டாவது கிடையாது. அது இதுவரை நின்றதே இல்லை.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். வந்திருக்க வேண்டியவன், அதனால் எழுத்திலாவது வருகிறேன். விடுப்பு வாங்கியாயிற்று, பெட்டி கட்டியாயிற்று (துணிப்பெட்டி), உன் மகளுக்கு வாங்கிய கைக்கடிகாரமும் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. கிளம்புவதற்கு முன், மனம் ஒரு நிலையில் இல்லாமல், வழக்கமாக மாதம் ஒருமுறை செய்யும் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். முதல் பெட்டியின் கம்பியைப் பிடுங்கினேன். இரண்டாவது பெட்டி அழகாக எழுந்து பொறுப்பேற்றுக்கொண்டது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கம்பியை மறுபடி சொருகினேன். முதல் பெட்டி எழுந்து, நான்தானே இங்கே தலைமை என்றது. இரண்டாவது, இப்போது நான்தான் என்றது. ஒரே சமையலறையில் இரண்டு மாமியார்கள் நின்று ஆளுக்கு ஓர் உத்தரவு போட்டால் மருமகள்கள் என்ன செய்வார்களோ, அதைத்தான் கிடங்கில் இருந்த அத்தனையும் செய்தன. எடைமேடையில் காலி லாரிக்கு முழு லாரியின் எடை வந்தது. பில் கணினி ஒரே பில்லை ஓயாமல் அச்சடித்தது. வாயிற்காவலர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சார், கேட்டுக் கட்டை ஏறி ஏறி இறங்குது சார்! வர்றவன் போறவனையெல்லாம் கும்பிடுது!"

பின்னாலேயே மேலாளர். "லீவு குடுத்தாச்சுல்ல சார், தாராளமாப் போங்க. யாரு தடுத்தா? இதைச் சரி பண்ணிட்டு உடனே போங்க."

மறுநாள் நீங்கள் எல்லோரும் மண்டபத்தில் இருந்தபோது நான் அந்த அறையில் வாயில் டார்ச் விளக்கைக் கவ்விக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். உன் மகள் கூப்பிட்டாள். "மாமா, எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறோம், எங்க இருக்கீங்க?" டார்ச்சை எடுத்துவிட்டு, "இதோ, மண்டபத்துக்குள்ள வந்துட்டேம்மா" என்றேன். அப்போது நீ போனைப் பிடுங்கினாய்.

"டேய், அங்க என்ன சத்தம்?"

"ஃபேன், அக்கா."

"மண்டபத்துல கரண்டே இல்ல. எந்த ஃபேன்டா உனக்கு மட்டும் ஓடுது?"

டார்ச்சை மறுபடி வாயில் கவ்விக்கொண்டேன். "போதும்டா. அந்தப் பெட்டியவே அக்கான்னு கூப்பிட்டுக்க" என்று வைத்துவிட்டாய். அக்கா, நீ அதற்கு முன்பும் என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறாய், அடித்தும் இருக்கிறாய்; ஆனால் திட்டி முடித்ததும் "சாப்டியா?" என்று கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. வேலை போனாலும் தாங்கிக்கொள்வேன், எனக்கு வயதாகிவிட்டது. நீ பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் நான்காவதில் சொன்ன வேண்டுகோள்: ஒரே ஒரு முறை போனை எடு. எடுத்துத் திட்டினாலும் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். மணமக்கள் இருவரும் ஒருவர் களைத்தால் மற்றவர் தானாக ஏற்றுக்கொண்டு, யார் தலைமை என்ற குழப்பம் ஒருநாளும் வராமல், உரிமம் புதுப்பிக்கத் தேவையில்லாத அன்போடு நெடுங்காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன், கருவிகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று காலையில் போனேன். அறைக்குப் புதுப் பூட்டு. மேலாளர் வந்தார். எப்போதும்போல் இல்லாமல் மெதுவாகப் பேசினார்.

"பெட்டி வித்தவங்க வந்து எல்லாத்தையும் ஆராஞ்சு பாத்தாங்க சார். ரோட்டைத் தோண்டினது, லைசென்ஸ் முடிஞ்சது, இந்த ரெண்டையும் விட்டுட்டுப் பாத்தா, லைன் நின்னதுல பாதி நீங்க டெஸ்ட் பண்ண நாளுங்க."

"மீதிப் பாதி?"

"டெஸ்ட்டுல போனதை நீங்க சரி பண்ண நாளுங்க. யாரும் தொடலேன்னா அது பாட்டுக்கு ஓடுமாம் சார். கொஞ்ச நாள் வீட்ல இருங்க. உடனே."

ஆகவே என் மூன்றாவது குறிப்பு தவறு. அரை நாள் என்ன, எத்தனை நாள் வேண்டுமானாலும் நான் வெளியே வரலாம். வந்தால்தான் அவர்களுக்கு நல்லதாம். முதலாவது குறிப்பைப் பற்றியும் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்வோம். இந்தப் பின்குறிப்பை உன் வீட்டுச் சுற்றுச்சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன். முடித்ததும் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். மணியை அடிக்கப் பயமாக இருக்கிறது.

கைபேசி அடிக்கிறது. மேலாளர்தான். புதுப் பூட்டின் சாவியைத் தொலைத்தாரோ, கேட்டு மறுபடி கும்பிடுகிறதோ, தெரியவில்லை. நான் எடுக்கவில்லை. கதவைச் சீக்கிரம் திற, அக்கா. இந்தப் போனை ரொம்ப நேரம் எடுக்காமல் இருக்கும் தைரியம் எனக்கு இல்லை.