புயல் கிடைச்சுட்டார்

மனைவியை ஊருக்கு அனுப்பவே கூடாது என்று மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் சபதம் எடுத்தார். செவ்வாய்க்கிழமை காலை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு எடுத்த சபதம். இன்னொரு சாக்ஸ் எங்கே இருக்கிறது என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் நாலு நாள் இல்லாவிட்டால் இந்தக் காலின் கதி என்ன?

மனைவிக்குப் பள்ளிக்கூடத்துத் தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி வாத்து, இன்னொருத்தி குண்டூசி. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதே பட்டப்பெயர்கள்தான். இப்போது வாத்துக்கு முழங்காலில் ஆபரேஷன். நாலு நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ள மற்ற இருவரும் சனிக்கிழமை கிளம்புகிறார்கள்.

"போன்ல விசாரிச்சா போதாதா?"

"போன் வந்து அவளை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகுமா?"

"ஏன், அவளுக்குப் பிள்ளைங்க இல்லையா?"

"இருக்காங்க. அவங்க முன்னாடி வலிக்குதுன்னு அழமாட்டா. எங்க முன்னாடி அழுவா."

வாதத்தில் தோற்கும்போதுதான் அவர் அதிகம் பேசுவார்.

"எனக்குந்தான் ஸ்கூல் ஃப்ரெண்டு இருக்கான். நான் என்ன பெட்டியத் தூக்கிட்டா அலையறேன்?"

"உங்களுக்கா? யாரு?"

"புயல்!"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. ஆனாலும் நாக்கு நிற்கவில்லை.

"மூணாவது பெஞ்ச். என் உயிர். அவன் மட்டும் வந்து நின்னான்னா, நாலு நாள் இல்ல, நாப்பது நாளைக்கு உன்னைத் தேடமாட்டேன்."

"அப்படியா!" என்று மட்டும் சொன்னாள் மனைவி. ஆட்டத்தில் ஜெயித்துவிட்ட திருப்தியோடு அவர் வேறு ஜோடி சாக்ஸில் ஒன்றை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம், ஒரு வாடிக்கையாளரை உட்கார வைத்து "கடைசி வரியைப் படிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"என்னங்க, உங்க புயல் கிடைச்சுட்டார்."

"எந்தப் புயல்?"

"மூணாவது பெஞ்ச்! இப்ப பல் டாக்டராம். இத்தனை வருஷமா உங்களைத்தான் தேடிட்டிருந்தாராம், பாவம். நாளைக்குக் காலையில வர்றார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஒன்றும் தெளியவில்லை. தான் இட்டுக்கட்டிய ஆள் எப்போது பல் டாக்டருக்குப் படித்தான்? ஒருவேளை நிஜமாகவே ஒருவன் இருந்து, தான்தான் மறந்துவிட்டோமோ? ஒரு முகத்தைப் பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன் என்று முப்பது வருஷமாகக் கடையில் பீற்றிக்கொள்கிறவர் அவர். தெரியாது என்று சொல்லவும் வழியில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. தொந்தியும் வழுக்கையுமாக ஒருவர் பெட்டியோடு இறங்கினார். மனைவி கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். இவர் வந்தவரின் கண்ணைப் பார்த்தார். வந்தவர் இவருடைய பல்லைப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை.

"டேய் புயல்!" என்றார் இவர், துணிந்து.

வந்தவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு இரு கைகளையும் விரித்தார்.

"டேய் ஆந்தை!"

தன்னை யாரும் ஆந்தை என்று கூப்பிட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை. இருந்தாலும் மனைவி பார்க்கிறாளே. கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கணக்கு வாத்தியார் ஞாபகம் இருக்காடா?" என்று கேட்டார் வந்தவர்.

"மறக்க முடியுமா? என்னா அடி!"

"அந்த உடைஞ்ச ஜன்னல்?"

"உடைச்சதே நாமதானேடா!"

"நாமளா?"

"பின்ன யாரு?"

யாருடைய ஜன்னலோ, எந்த வாத்தியாரோ. இப்படித் தோளில் கைபோட்டுப் பேச ஓர் ஆள் இத்தனை வருஷமாக இல்லாமல் போனதே என்று அவருக்கு உண்மையாகவே துக்கம் வந்தது.

அதற்குள் மனைவி பெட்டியோடு வந்து நின்றாள்.

"நாப்பது நாள் தேடமாட்டேன்னீங்க. நான் நாலே நாள்தான்." வெளியே கார் ஹாரன் கேட்டது. போயே விட்டாள். கார் ஜன்னலிலிருந்து குண்டூசி கையாட்டினாள்.

பல் டாக்டர் காருக்குப் பின்னால் நாலு எட்டு ஓடினார். "அது என் பொண்டாட்டி! நான் திரும்பி வர்ற வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கறேன்னுதானே சொன்னா!"

குண்டூசியின் கணவர் யார் என்று கண்ணாடிக்கடைக்காரர் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை.

"உங்க ஸ்கூல் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் இவர். ‘டா’ தானாகக் கழன்றுகொண்டது.

"மலையடிவாரத்துல. உங்களுக்கு?"

"எங்க ஸ்கூல் மாடியிலேர்ந்து கடல் தெரியும்."

"அவளைப் போகவிடாம தடுக்கத்தான், ஆந்தைன்னு ஒரு ஃப்ரெண்டைப் பார்க்க நான் போகணும்னு சும்மா சொல்லிவெச்சேன். ஆந்தை கிடைச்சுட்டார்னு இந்த அட்ரஸைக் கையில குடுத்துட்டா" என்றார் டாக்டர், ஈனஸ்வரத்தில்.

இவர் பாய்ந்து போனை எடுத்தார். "இந்தா பாரு, இவர் என் ஃப்ரெண்டே இல்ல! யாருன்னே எனக்குத் தெரியாது!"

"தெரியுங்க" என்றாள் மனைவி. பின்னால் குண்டூசி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "எங்க ஃப்ரெண்ட்ஷிப்புக்கு அம்பது வருஷம் ஆச்சு. நீங்க இன்னிக்குத்தானே ஆரம்பிக்கறீங்க? முதல்ல அவர் பேரைக் கேளுங்க."